பாலைவனம் வந்தால் ட்ரூயிட் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நண்பர்களோடு ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதை ஆட்டத்தில் நான் ட்ரூயிட், அதாவது இயற்கையின் மந்திரம் போடுகிறவன். போன செஷனில் எங்கள் கதை பாலைவனத்துக்குள் நுழைந்தது. மணலுக்குள்ளிருந்து நான்கு ராட்சதத் தேள்கள் எழுந்து வந்தன. சண்டையில் யார் முறை முதலில் என்று பார்க்கும் இனிஷியேட்டிவில் நான்தான் முதல். கொடிகளால் எதிரியைக் கட்டிப்போடும் என்டாங்கிள் ஸ்பெல்லைப் போடுகிறேன் என்று சொல்லி, மேப்பில் இருபது அடிச் சதுரத்தை விரலால் வரைந்தும் காட்டிவிட்டேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் முடியாது என்று தலையை ஆட்டினான். "மணல்ல ஏதுடா செடி? ஸ்பெல் வேலை செய்யாது." எண்ணி வைத்திருக்கும் ஸ்பெல் ஸ்லாட்டில் ஒன்றும் போனது, என் முறையும் போனது. அடுத்து விசார்ட் ஃபயர்பால் போட்டான். எட்டு டைஸை அள்ளி உருட்டினான். பாலைவனத்தில் எரிய என்ன இருக்கிறது என்று அவனை யாரும் கேட்கவில்லை.

இப்படிப் புத்தகத்தில் இல்லாமல் டேபிளில் நாமே போட்டுக்கொள்ளும் விதியைத்தான் ஹவுஸ் ரூல் என்கிறார்கள். நிலத்துக்கு ஏற்ப ட்ரூயிட் மாற வேண்டுமாம், அதுதான் யதார்த்தமாம். சரி, மாறட்டும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கே எதுவும் மாறவில்லையே! இருந்ததைப் பிடுங்கியதோடு சரி.

என்டாங்கிள் ஸ்பெல்லைப் படித்தாலே தெரியும். களையும் கொடியும் தரையிலிருந்து முளைக்கும் என்றுதான் இருக்கிறது. ஏற்கெனவே செடி இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. செடி வேண்டும் என்றால் புத்தகமே அதைச் சொல்லிவிடும். பிளாண்ட் குரோத் அப்படித்தான், அங்கே இருக்கிற செடிகளைத்தான் அடர்த்தியாக்கும். மேகத்திலிருந்து மின்னலை இறக்கும் கால் லைட்னிங்கும் அப்படியே: மேகம் உருவாக இடம் இல்லாத அறைக்குள் பலிக்காது, ஆனால் வெளியே புயல் அடித்துக்கொண்டிருந்தால் கூடுதலாக ஒரு டி10, அதாவது ஒரு பத்துப் பக்க டைஸ் டேமேஜ் தரும். ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் கொடுக்கிறது. இந்த நியாயம் ஏன் எங்கள் டேபிளில் மட்டும் இல்லை?

ஆட்டத்தின் விதிப்புத்தகமான 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ட்ரூயிட் சர்க்கிள் ஆஃப் தி லேண்ட் என்ற பிரிவை எடுத்தால் ஆர்க்டிக், கடற்கரை, பாலைவனம், காடு, புல்வெளி, மலை, சதுப்பு நிலம், பூமிக்கடியில் இருக்கும் அண்டர்டார்க் என்று எட்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதற்கேற்ற ஸ்பெல்கள் தனியாக வரும். நான் காடு எடுத்தேன். கதை காட்டில்தான் தொடங்கியது, வேறு எதை எடுப்பேன்? 2024 புத்தகத்தில் அதையே தளர்த்திவிட்டார்கள். வறண்ட நிலம், துருவம், மிதவெப்பம், வெப்பமண்டலம், இந்த நான்கில் எது வேண்டுமோ அதை கதைக்குள் எடுக்கும் நீண்ட ஓய்வான லாங் ரெஸ்ட் ஒவ்வொன்றும் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். வறண்ட நிலத்தை எடுத்த ட்ரூயிடுக்கு ஐந்தாம் லெவலில் ஃபயர்பாலே கிடைக்கிறது! நிலத்துக்கு ஏற்ப மாறுவது என்றால் அது. புதிய புத்தகத்துக்கு மாறவேண்டாம், அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று இரண்டு முறை கேட்டேன். "பேலன்ஸ் கெட்டுடும்" என்றான். ஒருத்தன் முழுச் சண்டையும் சும்மா உட்கார்ந்திருந்தபோது கெடாத பேலன்ஸா?

எனக்குப் பொறுக்கமுடியாத விஷயம் இன்னொன்று உண்டு. பாலைவனம் என்றால் ஒன்றுமில்லாத இடம் என்ற நினைப்பு. பாலைத் திணைக்கும் மரம் உண்டு, பறவை உண்டு, செந்நாய் உண்டு, தெய்வமும் உண்டு என்று எழுதிவைத்த மொழியில் உட்கார்ந்துதானே இந்த ஆட்டத்தை ஆடுகிறோம்? கள்ளியின் முள் காலைப் பிடிக்கட்டும். மணல் முழங்கால் வரை இழுக்கட்டும். பனியில் என்றால் தரையிலிருந்து உறைபனி ஏறிக் கணுக்காலைக் கவ்வட்டும். அதே ஸ்பெல், தப்பிக்க உருட்டும் அதே சேவ், அதே சதுரம், வர்ணனை மட்டும் வேறு. ஒரு நிமிட வேலை. வலு குறைய வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், பரப்பைப் பாதியாக்கு, ஆனால் மணலில் சிக்கியவனுக்குக் கொஞ்சம் டேமேஜ் கொடு. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.

முன்கூட்டியே சொல்லியிருந்தாலாவது வேறு ஸ்பெல்களைத் தயார் செய்திருப்பேன். காலையில் லிஸ்ட்டை மாற்றிக்கொள்ளும் வசதி ட்ரூயிடுக்கு இருக்கிறதே. சண்டை நடுவில், மேப்பில் விரலை வைத்த பிறகா புது விதி பிறக்கும்?

அடுத்து கதை பனிமலைக்குப் போகிறது. என் ஸ்பெல் லிஸ்ட்டை முழுசாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இடம் விட்டு, அங்கே இது என்ன ஆகும் என்று நிரப்பித் தரச்சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தாள் இன்னும் திரும்பி வரவில்லை.