ஹிப்னாசிஸ் ஆடியோ: "ஒன்றுமே ஆகவில்லை" என்பவர்களுக்கு

"ஹெட்போன் போட்டு ஹிப்னாசிஸ் ஆடியோ கேட்டேன், ஒன்றுமே ஆகவில்லை" என்பவர்களிடம், என்ன ஆகும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் நேராக சினிமாவிலிருந்து வரும். நினைவு தப்ப வேண்டும், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் காதில் விழக் கூடாது, அரை மணி நேரம் போனதே தெரியக் கூடாது. அப்படியெல்லாம் ஆகாது. ஹிப்னாசிஸுக்குத் தமிழில் அறிதுயில் என்று அருமையான சொல் இருக்கிறது. பாற்கடலில் பெருமாள் பள்ளிகொண்டிருப்பதைச் சொல்லும் அதே சொல். துயில்தான், ஆனால் அறிவு விழித்திருக்கும். மிக்ஸி சத்தம் கேட்கும். மனம் அதன் பின்னால் ஓடாது, அவ்வளவுதான்.

என் கருத்து இது: புதியவர்களுக்கும் ஆடியோ வேலை செய்யும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, எல்லாக் கோளாறுக்கும் இல்லை.

2014-ல் வெளியான ஒரு ஆய்வு, சுவிட்சர்லாந்தில் 70 இளம்பெண்களை வைத்து நடந்தது. பகல் தூக்கத்துக்கு முன் 13 நிமிட ஹிப்னாசிஸ் ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். ஹிப்னாசிஸுக்கு எளிதில் வசப்படும் தன்மை உள்ளவர்களுக்கு ஆழ்ந்த தூக்கத்தின் அளவு சுமார் 80 சதவீதம் கூடியது. அந்தத் தன்மை குறைந்தவர்களுக்குப் பலன் இல்லை. ஒரே குரல், ஒரே பதிவு! இந்தத் தன்மை ஆளுக்கு ஆள் மாறும், ஒருவருக்குள் பெரிதாக மாறாது. 25 வருடம் கழித்து அதே ஆட்களைச் சோதித்தபோதும் மதிப்பெண் ஏறத்தாழ பழைய இடத்திலேயே நின்றது.

நீங்கள் எந்த ரகம் என்று பார்க்க ஒரு வழி, இந்தத் தன்மையை அளக்கும் ஹார்வர்டு குழு அளவுகோலில் உள்ள ஒரு சோதனை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையைத் தோள் உயரத்துக்கு நேராக நீட்டுங்கள். அந்தக் கையில் ஏதோ கனமான பொருள் இருப்பதாக நினையுங்கள். நம்ம ஊருக்கு தண்ணீர் வாளி நன்றாகப் பொருந்தும். வாளிக் கம்பி விரலை அழுத்துகிறது, தண்ணீர் ஏறிக்கொண்டே போகிறது. கொஞ்ச நேரத்தில் கை 6 அங்குலமாவது தானாக இறங்கினால் அந்தச் சோதனையில் தேறினீர்கள். நீங்களே வேண்டுமென்று இறக்கினால் கணக்கில் வராது. முழு அளவுகோலில் இதுபோல 12 சோதனைகள் உண்டு. இது ஒன்றை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி, எதற்குப் பயன்படும்? எனக்கு அதிக நம்பிக்கை உள்ள இடம் வயிறு. நெதர்லாந்தில் அடிக்கடி வயிற்றுவலி வரும் 260 குழந்தைகளில் பாதிப் பேருக்கு சிகிச்சையாளர் நேரில் ஹிப்னாசிஸ் செய்தார், மீதிப் பேருக்கு வீட்டில் கேட்க சிடி. வாரம் 5 நாள், 3 மாதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நேரில் 71 சதவீதம், சிடியில் 62 சதவீதம் பேருக்குப் பலன். சிகரெட்டை விடுவதற்கு ஹிப்னாசிஸ் மற்ற முறைகளைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்கிறது, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பு. மழை சத்தத்துக்கு அடியில் காதுக்கே எட்டாமல் செய்தி ஒளிந்திருக்கிறது என்று விற்பதை வாங்கவே வேண்டாம். 1991-ல் வெளியான ஒரு ஆய்வில் அந்த மாதிரி கேசட்டுகள் சிலவற்றின் லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். 'நினைவாற்றல்' லேபிள் பார்த்தவர்களில் பலர் நினைவாற்றல் கூடியதாகவே நம்பினார்கள், உள்ளே இருந்தது தன்னம்பிக்கைக் கேசட்டாக இருந்தாலும். சோதித்துப் பார்த்தால், கேசட் தருவதாகச் சொன்ன பலன் எதையும் அது தரவில்லை.

ஆடியோவின் பெரிய குறை, அதற்குக் கண் இல்லை. நேரில் இருப்பவர் உங்கள் மூச்சைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார். பதிவோ, உங்கள் தோள் இறுகியிருக்கும்போதே "இப்போது முழுதாகத் தளர்ந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த இடத்தில்தான் மனம் "இல்லையே!" என்று சண்டைக்கு நிற்கும். ஆங்கிலத்திலிருந்து அப்படியே மொழிபெயர்த்து, செய்தி வாசிக்கிற குரலில் படித்த தமிழ்ப் பதிவுகளில் இந்தத் தொல்லை இரட்டிப்பு.

அதனால் உங்கள் போனிலேயே உங்கள் குரலில் பதிவு செய்யச் சொல்வேன். மொத்தம் 18 நிமிடம் போதும். முதல் 6 நிமிடம் கால் விரலிலிருந்து நெற்றி வரை தளர்த்துவது, 3 நிமிடம் படி இறங்குவதாக எண்ணுவது, 7 நிமிடம் நீங்கள் மாற்ற நினைக்கும் விஷயம், கடைசி 2 நிமிடம் ஒன்றிலிருந்து ஐந்து எண்ணி எழுப்புவது. நிமிடத்துக்கு 60 சொல்லைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் ஒரு முழு மூச்சு இடைவெளி. "தளர்ந்துவிட்டது" வேண்டாம், "மெல்லத் தளரலாம்" என்று சொல்லுங்கள். நேர்காணல் பயத்துக்கான பதிவு என்று வையுங்கள். "பயப்பட மாட்டேன்" என்றால் மனம் முதலில் பயத்தைத்தான் எடுக்கும். "பேர் கூப்பிட்டதும் மூச்சை விட்டு, பாதத்தைத் தரையில் பதிக்கிறேன்" என்று செய்கையாகச் சொல்லுங்கள். ஒரு பதிவுக்கு ஒரே விஷயம்.

படுத்துக் கேட்டால் தூங்கிவிடுவீர்கள். தூக்கத்துக்கான பதிவாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் சாய்வு நாற்காலிதான் சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் கேட்காதீர்கள். ஏரோப்ளேன் மோடு கட்டாயம். யூடியூபில் நேரடியாகக் கேட்டால் படி இறங்கும்போது நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்து தூக்கிவாரிப் போடும். மூன்று வாரமாவது ஒரே பதிவைக் கேளுங்கள், தினம் ஒன்று மாற்றாதீர்கள்.

வண்டி ஓட்டும்போது கேட்கவே கூடாது. மனச்சிதைவு, வலிப்பு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். பழைய அதிர்ச்சியைத் தோண்டி எடுக்கும் பதிவுகளை யாருமே தனியாக வீட்டில் கேட்க வேண்டாம். அழுகை பொங்கி வந்தால் நிறுத்த, அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும்.