கேனும் சிலம்பாறும்

அழகர்மலை நூபுர கங்கை ஊற்றுக்குப் போயிருந்தேன். பரிபாடல் 'சிலம்பாறு' என்று பாடிய நீர். ஆற அமர ஒரு கை அள்ளிக் குடிப்போம் என்று ஆசை. நடந்தது வேறு.

எனக்கு முன்னால் ஒருவர் நாலு இருபது லிட்டர் கேனோடு நின்றார். 'பெருமாளுக்கே இந்தத் தண்ணீரில்தானே தம்பி திருமஞ்சனம்' என்று விளக்கம் வேறு. சரிதான் அண்ணே, ஆனால் பெருமாள் எண்பது லிட்டரையும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவதில்லையே! மூன்றாவது கேன் நிரம்பும்போது பின்னால் ஒரு குடும்பம் தலைக்கு ஷாம்பு போட ஆரம்பித்தது. கிழித்த பாக்கெட் நுரையோடு மிதந்து வந்து என் கால் விரலில் ஒட்டிக்கொண்டது. இந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒன்று என் பையிலிருந்த சம்பா தோசையைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் மேல் கோபமில்லை, மலை அதனுடையது.

சிலப்பதிகாரத்தில் இதே மலையின் மூன்று பொய்கைகளைப் பற்றி மாங்காட்டு மறையோன் கோவலனிடம் அடுக்குவார். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திரம் என்ற இலக்கண நூலறிவு வரும், பவகாரணியில் பழம்பிறப்பு தெரியும், இட்டசித்தியில் நினைத்தது கிடைக்கும். கோவலனோடு வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். விவரமானவர், கூட்டத்தை அப்போதே யோசித்திருப்பார் போல. எனக்கு ஐந்திரமெல்லாம் வேண்டாம். இட்டசித்தி மட்டும் கிடைத்தால் போதும், அந்த நாலாவது கேன் சீக்கிரம் நிரம்பட்டும் என்று வேண்டிக்கொள்வேன்.

நிரம்பியது. அப்புறம் மூடியைக் காணோம் என்று தேட ஆரம்பித்தார்.