அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம்

அந்த ஜோதிடரின் ஞாயிற்றுக்கிழமை நேரலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இந்நேரம் யாராவது அனுப்பியிருப்பார்கள். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரிடம் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. ஆனால் மூன்று நாளாக அந்த ஒரு நிமிஷம் மனதை விட்டுப் போகவில்லை.

நேரலையில் ஒரு பெண் தான் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தாள். கட்டம் திரையில் வந்தது. "ஏழில் கேது. உன் ஆன்மா குடும்பத்துக்காக வந்தது இல்லைம்மா, பட்டுத் தீர்த்துவிட்டுப் போக வந்தது" என்றார். ஏழு என்றால், பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசியான லக்னத்திலிருந்து ஏழாம் வீடு, கல்யாணத்தைச் சொல்கிற இடம். இதயக்குறிகள் பறந்தன. "அப்ப நான் என்ன பண்ணணும் சார்?" என்று அவள் எழுதியது மற்ற வரிகளோடு மேலே ஏறி மறைந்துவிட்டது. அவர் அடுத்த ஜாதகத்துக்குப் போய்விட்டார்.

என்ன வயது, என்ன படித்தாள், எதற்காக இந்த நேரத்தில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்? ஒன்றையும் அவர் கேட்கவில்லை. கேட்காமல் ஓர் ஆன்மாவைப் பற்றி எப்படிச் சொல்ல முடிகிறது?

ஜாதகத்தில் ஆன்மாவின் நோக்கம் தெரியும் என்று நம்புகிறவள் நான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. ஒன்று, ஐந்து, ஒன்பது தர்மத்துக்கு. நான்கு, எட்டு, பன்னிரண்டு மோட்சத்துக்கு என்று வீடுகளைப் பிரித்து வைத்த முறையைப் பல வருஷமாகப் படித்து வருகிறேன். ராசிக்குள் அதிகப் பாகை நகர்ந்த கிரகத்தை ஆத்மகாரகன் என்கிறோம். ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடுகிற நவாம்சக் கட்டத்தில் அவன் நிற்கும் ராசி காரகாம்சம். அதற்குப் பன்னிரண்டாம் இடத்தைப் பார்த்து இஷ்ட தெய்வம் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். ஒருவர் உயிரைத் தொடுகிறோம் என்ற பயம் அது. அந்தப் பயம் அவரிடம் துளியும் தெரியவில்லை.

ஏழில் கேது என்பது எத்தனை பேருக்கு இருக்கும் என்று யோசித்தாரா? கேது ஒரு ராசியில் ஒன்றரை வருஷம் இருக்கிறது. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறுகிறது. அப்படியென்றால் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஏழில் கேதுதான். பன்னிரண்டு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் பட்டுத் தீர்க்கவா வந்தார்கள்? ஏழாம் அதிபதி எங்கே, சுக்கிரன் எப்படி, குரு பார்க்கிறாரா, நவாம்சம் என்ன சொல்கிறது, இப்போது யாருடைய தசை? இதில் எதையும் பார்க்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

என் கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. பத்தொன்பது வயதில் அம்மா என் ஜாதக நோட்டை எடுத்துக்கொண்டு ஒருவரிடம் கூட்டிப் போனார். ஓரங்களில் மஞ்சள் பூசிய, மூலை மடங்கிய சின்ன நோட்டு. அவர் கணக்குப் போட்டு, சனியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் 'கடன்' என்று எழுதினார். "இவளுக்கு ஆத்மகாரகன் சனி. கடன் தீர்க்க வந்த பிறவி" என்றார். மொத்தம் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அந்த ஒரு சொல்லை நான் பதினோரு வருஷம் சுமந்தேன். வேலை பார்த்த இடத்தில் எல்லார் முன்னாலும் வைத்து அவமானப்படுத்துவார்கள். வீட்டுக்கு வந்து, சரி, கடன் குறைகிறது என்று சொல்லிக்கொள்வேன். வேறு வேலை வந்தபோது போகவில்லை. போனால் கடன் பாக்கி நின்றுவிடுமோ என்ற பயம்.

அப்புறம் நானே ஜோதிடம் படிக்க ஆரம்பித்து, முதலில் என் ஜாதகத்தைத்தான் கணித்தேன். நோட்டில் இருந்தது வாக்கியக் கணக்கு, பழைய சூத்திரங்களை வைத்துப் போடுகிற பஞ்சாங்கம். இன்றைய வானியல் கணக்கை வைத்துப் போடுகிற திருக்கணிதத்தில் போட்டால் சனி இரண்டு பாகை இறங்கிவிட்டது. சந்திரன் முன்னால் வந்து நின்றது. ஆத்மகாரகன் சந்திரன்! பதினோரு வருஷமும் பஞ்சாங்கம் மாறியதில் கரைந்துபோனது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் பாகைக் கணக்கெல்லாம் தெரியாது. பென்சில் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மனுஷன் அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேக்கவே இல்லையேடி" என்றார்.

பஞ்சாங்கங்களுக்குள் வித்தியாசம் சின்னது என்று சொல்பவர்கள் சனிப்பெயர்ச்சியைப் பாருங்கள். திருக்கணிதப்படி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026-ல்தான். அயனாம்சமும், அதாவது ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்கிற திருத்தமும், அப்படித்தான். அதில் லஹிரி, ராமன் என்ற இரண்டு முறைகளுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றரை பாகை வித்தியாசம். லஹிரியில் இருபத்தொன்பது பாகையில் நின்று ஆத்மகாரகனாகிற கிரகம், ராமனில் அடுத்த ராசியின் ஆரம்பத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நிற்கும். இவ்வளவு அசைகிற கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் ஆன்மாவுக்குத் தீர்ப்பு எழுதலாமா? அவள் வாழ்ந்த வாழ்க்கையைக் கேட்டால்தானே எந்தக் கட்டம் பொருந்துகிறது என்று நமக்கே தெரியும்?

"உண்மையைச் சொன்னார், கசந்துவிட்டது" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆத்மகாரகனைப் பற்றிப் பழைய ஜோதிட நூலான ஜைமினி சூத்திரம் என்ன சொல்கிறது? பந்தத்துக்கும் மோட்சத்துக்கும் அவனே அதிபதி என்கிறது. கட்டிப்போடுகிறவனும் அவன், அவிழ்த்துவிடுகிறவனும் அவன். கேதுவையும் மோட்சகாரகன் என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? கட்டியதை மட்டும் சொல்லிவிட்டு அவிழ்ப்பதைச் சொல்லாமல் அடுத்த ஜாதகத்துக்குப் போனால் அது எப்படி முழு உண்மை ஆகும்?

"ஜோதிடமே பொய், இதில் என்ன நல்லது கெட்டது" என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் நம்பிக்கை உங்களுக்கு.

"நீ என்ன பெரிய ஜோதிடரா" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். இல்லை. பட்டம் எதுவும் வாங்கவில்லை, காசு வாங்கிக்கொண்டு ஜாதகம் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஜோதிடரின் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கடன் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இதைச் சொல்ல அது போதாதா? எந்த குருவாவது, எதிரே இருக்கிறவர் முகத்தைப் பார்க்காமல் பலன் சொல் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாரா?

நேற்று ராத்திரி அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜாதகம் எழுதும்போது எல்லோரும் முதலில் எழுதுகிற ஸ்லோகம் அதிலும் இருக்கிறது. 'பதவீ பூர்வ புண்யானாம்' என்று வருகிறது. முன்பு செய்த புண்ணியத்தின் வழி. புண்ணியம் என்றுதான் எழுதியிருக்கிறது, கடன் என்று இல்லை. இத்தனை வருஷம் அந்த வரியை நான் படித்ததே இல்லை. நேராகப் பென்சில் வட்டத்துக்குத்தான் போயிருக்கிறேன்.

நேரலையை மறுபடி ஓட்டி, அவள் கேள்விக்குக் கீழே யாராவது பதில் போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்தேன். யாரும் போடவில்லை.

அந்தக் கேள்வியை எழுதிய பெண்ணே, நீ யாரென்று எனக்குத் தெரியாது. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால் எனக்கு எழுது. ஜாதகம் அனுப்ப வேண்டாம், கேது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். எந்த வேலையில் உட்கார்ந்தால் உனக்குப் பொழுது போவதே தெரிவதில்லை, யாரிடம் பேசினால் மனது லேசாகிறது, அன்றைக்கு எதைக் கேட்க நினைத்து வந்தாய்? அதைச் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை, நான் கேட்கிறேன்.