அரை மணி நேர வேலை

ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டத்தில் 'மை சிஸ்டர், த சீரியல் கில்லர்' என்ற கொலை நாவலைப் பற்றிப் பேசும்போது நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். நாற்பது நொடி. அதில் முப்பது நொடி நான் சிரிக்கிறேன். "கொலைன்னு சொன்னா சிரிக்கிற அக்கா" என்று தலைப்பு, கீழே கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக. ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக வைரல் ஆகியிருக்கிறேன். அன்றைக்கென்று பார்த்து அந்தச் சாயம்போன புடவையைக் கட்டிக்கொண்டு போனதுதான் வருத்தம்.

இல்லை, வேறு வருத்தமும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் கொலைக்குச் சிரிக்கவில்லை. வீடியோவை வெட்டிய புண்ணியவான் அப்போது பேசிக்கொண்டிருந்த அண்ணனின் கடைசி இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே வெட்டிவிட்டார். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஒரு பாத்ரூமைக் கழுவுறதுக்கு எதுக்குங்க இவ்வளவு எழுதணும்? அரை மணி நேர வேலை." அதற்குத்தான் சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அரை மணி நேரம்! அந்த அண்ணன் வாழ்க்கையில் ஒருநாளாவது பாத்ரூம் டைல்ஸ் இடுக்கைப் பிரஷ் வைத்துத் தேய்த்திருப்பாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. சிரித்தேன். தப்பா?

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஒயிங்கன் பிரெய்த்வெயிட் என்ற நைஜீரிய எழுத்தாளர் 2018இல் எழுதிய முதல் நாவல், 'மை சிஸ்டர், த சீரியல் கில்லர்'. லாகோஸ் நகரம். அக்கா கொரெடே, ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கை அயோலா, பேரழகி. அயோலா தன் காதலர்களைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு அக்காவுக்குப் போன் போடுவாள். அக்கா கறை நீக்கும் பிளீச்சோடு கிளம்பிப் போய் ரத்தத்தைத் துடைப்பாள். கதை தொடங்கும்போது பாத்ரூமில் செத்துக் கிடப்பவன் மூன்றாவது ஆள், ஃபெமி. மூன்று ஆகிவிட்டால் அதற்குத் தொடர் கொலைகாரி என்றுதான் பெயர் என்று அக்கா தங்கைக்குச் சொல்வாள். பிளீச் ரத்த வாடையை மறைத்துவிடும், அது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நம்மையும் பார்த்துச் சொல்வாள். பிணத்தைப் படுக்கை விரிப்பில் சுற்றி, லிஃப்டில் இறக்கி, காரில் ஏற்றி, மூன்றாம் மெயின்லேண்ட் பாலத்திலிருந்து லகூனில், அதாவது கடலையொட்டிய காயலில், தள்ளுவார்கள். 1990இல் கட்டி முடித்த, பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாலம். ஆப்பிரிக்காவிலேயே நீளமான பாலம் என்ற பெயரைச் சில வருஷம் வைத்திருந்தது. அவ்வளவு பெரிய பாலத்தில், அப்படி ஒரு ராத்திரியில், அக்காவின் கவலை முழுக்க எதையாவது துடைக்காமல் விட்டுவிட்டோமா என்பதுதான்.

இந்த நாவலில் சிரிப்பு கொலையில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது. இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வந்தேன். மைக் என்னிடம் வருவதற்குள் டீ வந்துவிட்டது.

சரி, அன்றைக்கு வந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கொலை செய்ததற்குக் காரணமே சொல்லவில்லை" என்றார் ஒருவர். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவர், "அப்பா கொடுமைக்காரர் என்று காட்டிக் கொலைக்கு நியாயம் கற்பிக்கிறார்" என்றார். இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் முதலில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், அப்புறம் நான் பதில் சொல்கிறேன். அந்தக் கத்தி அப்பாவுடையது. அப்பா செத்த பிறகும் வீட்டில் இருப்பது அந்தக் கத்திதான், அதை விடாமல் வைத்திருப்பவள் தங்கை. எழுத்தாளர் இதற்குமேல் உரை எழுதவில்லை. உரை இல்லாமல் படிக்க நமக்குச் சிரமமாக இருந்தால் அது அவர் குற்றமா?

துப்பறிவாளர் இல்லையே என்றார் இன்னொருவர். ஆமாம், இல்லை.

ஒருவர், இதில் 'உண்மையான ஆப்பிரிக்கா' இல்லை என்றார். பெரிய வீடு, வேலைக்காரப் பெண், இன்ஸ்டாகிராம், டிசைனர் உடை, இதெல்லாம் ஆப்பிரிக்காவா என்றார். நான் அவரிடம் மரியாதையாகவே கேட்கிறேன்: லாகோஸில் பணக்காரர்கள் இருக்கக் கூடாதா? நம் ஊர் நாவலைப் படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், "இதில் பாம்பாட்டி இல்லையே" என்றால் நாம் எவ்வளவு கொதிப்போம்? கொரெடேவின் காரைப் போக்குவரத்துக்காரர் மறிக்கும் காட்சி இருக்கிறது. படித்த பெண்ணின் நாக்கு அவருக்குக் கோபம் வரவைக்கும் என்று, நல்ல ஆங்கிலம் தெரிந்த நர்ஸ் வேண்டுமென்றே கொச்சையாகப் பேசி, குழைந்து, காசு கொடுத்துத் தப்பிப்பாள். எந்த ஊரிலும் வண்டி ஓட்டும் பெண்ணுக்கு அந்தக் காட்சியில் பாதி தெரிந்திருக்கும். உண்மையான லாகோஸ் அங்கே இருக்கிறது. வறுமையைத் தேடிக்கொண்டிருந்தால் கண்ணில் படாது.

பரிசு வாங்கியதால் பாராட்டுகிறோம் என்று ஒரு குத்தலும் வந்தது. 2019 புக்கர் பரிசு நெடும்பட்டியல், அதே வருஷம் பெண் எழுத்தாளர்களுக்கான விமன்ஸ் பிரைஸ் குறும்பட்டியல், 2020இல் பிரிட்டிஷ் புக் அவார்ட்ஸில் குற்றப் புனைவுக்கான பரிசு. இவற்றில் ஒன்றுகூட எனக்குப் படிக்கும்போது தெரியாது. என் அக்கா மகள் படித்துவிட்டு, "பெரியவங்க கதை சித்தி, உனக்குப் பிடிக்கும்" என்று கொடுத்தாள். பெரியவங்க என்றால் வயதில் பெரியவர்கள் இல்லை. வீட்டுக்கு மூத்த பெண்கள். (அக்கா மகள் என்றால் பெரியம்மா பெண்ணின் மகள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. இருந்திருந்தால் இந்தப் பதிவை அவள் எழுதியிருப்பாள், நான் லைக் போட்டுவிட்டுப் போயிருப்பேன்.)

ஒரு விமர்சனத்தை ஒத்துக்கொள்கிறேன். டாக்டர் டாடே வலுவான பாத்திரம் இல்லை. கொரெடே மனதுக்குள் காதலிக்கும் ஆள், தங்கை ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும் அவள் பக்கம் சாய்ந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் சதை இருந்திருக்கலாம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அழகைப் பார்த்ததும் புத்தி மழுங்கும் ஆணை இதற்குமேல் எப்படி ஆழமாக எழுதுவது? சரி, ஒத்துக்கொண்டேன் என்றேன் அல்லவா, விடுங்கள்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். "பெண் ஆணைக் கொல்வதைக் கொண்டாடும் நாவல், அதற்கு ஒரு பெண் சிரிக்கிறார், இதையே ஒரு ஆண் செய்தால் விடுவீர்களா?"

ஐயா, நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவள். முதல் அத்தியாயத்தில் ஒரு பெண் பிணம் கிடக்கும். அட்டையிலும் அவள்தான், பாதித் துணியோடு. அவள் எப்படிக் கிடந்தாள் என்று ஒரு பக்கத்துக்கு வர்ணனை இருக்கும். அந்த ரத்தத்தை யார் துடைத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது. இன்ஸ்பெக்டர் வருவார், அவருடைய உதவியாளர் ஜோக் அடிப்பார், நாமும் சிரித்தோம். அப்போது யாரும் வீடியோ எடுக்கவில்லை. ஆண் எழுதினால் அவல நகைச்சுவை, அங்கதம். பெண் எழுதி, இன்னொரு பெண் சிரித்தால் மனநிலை சரியில்லை. நல்ல நியாயம்.

கொண்டாட்டம் எங்கே இருக்கிறது அதில்? ஃபெமி கவிதை எழுதுபவன். அவன் செத்த பிறகு அவன் எழுதியதைத் தேடிப் படிப்பவள் கொரெடே. கொன்றவள் மறந்துவிட்டாள், துடைத்தவளால் மறக்க முடியவில்லை. காணாமல் போனவனை ஊரே தேடிக்கொண்டிருக்கும்போது, இன்ஸ்டாகிராமில் சந்தோஷமாக எதையும் போடாதே, நீ துக்கத்தில் இருப்பதாகத்தான் கணக்கு என்று அக்கா தங்கைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இன்னும் எத்தனை நாளைக்குச் சோகமாக இருக்க வேண்டும் என்று தங்கை அலுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. இரண்டும் ஒன்றாக வருவதுதான் அந்த எழுத்தின் வித்தை. கொரெடே தன் பாரத்தை இறக்கிவைப்பது கோமாவில் கிடக்கும் ஒரு நோயாளியிடம். கேட்கிற காது உலகத்தில் அது ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு "லேசான நாவல்" என்று எப்படிச் சொல்ல முடிகிறது என்று எனக்குப் புரியவில்லை. அத்தியாயங்கள் சின்னது, தலைப்புகளும் சின்னது, அதனால் லேசு போல.

அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அது என்னை விடமாட்டேன் என்கிறது.

ரத்தக் கறையை வெந்நீரில் அலசக் கூடாது, தெரியுமா? வெந்நீர் பட்டால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அன்றைக்கு அந்த அரங்கில் இருந்த அத்தனை பெண்களுக்கும் இது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து தெரியும். நாவலில் துடைக்கும் பக்கங்கள் வரும்போது எங்களுக்கு அது த்ரில்லர். அந்த அண்ணனுக்கு அது வீட்டு வேலை. அவருக்கு ஏன் அலுத்தது என்று இப்போது புரிகிறதா?

எனக்கும் ஒரு தங்கை உண்டு. "உங்களுக்கும் தங்கச்சி இருக்காங்கல்ல, அவங்க இப்படிப் பண்ணினா சிரிப்பீங்களா?" என்று கேட்டார்கள் அல்லவா, அதற்கான பதில் இது.

என் தங்கை யாரையும் கொன்றதில்லை. அப்பாவின் டிவிஎஸ் ஃபிப்டியை அவர் தூங்கும்போது எடுத்துக்கொண்டு போய், எதிர்வீட்டு மாமி பாயில் காயவைத்திருந்த வடகத்தின் மேல் ஏற்றி, ஹெட்லைட்டை உடைத்திருக்கிறாள். ஓட்டியது நான்தான் என்று சொன்னேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மாமிக்குப் புதிதாக வடகம் பிழிந்து கொடுத்ததும் நான்தான். கல்லூரியில் படிக்கும்போது ஒருவன் அவளுக்கு எழுதிய கடிதங்களை, பெண் பார்க்க வரும் நாளுக்கு முந்தைய இரவு, கொல்லைப்புற வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தவளும் நான்தான். எரிக்கும் முன் இரண்டைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தான் பாவம். அவள் உள்ளே மருதாணி வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் அடுப்புச் சாம்பலை அள்ளும்போது அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

அம்மா போனபோது நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். சரி, சொல்லிவிடுகிறேன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தவள் நான். தங்கை பன்னிரண்டாவது நாள் விடியற்காலை பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள், வாசலிலேயே கதறி விழுந்தாள். அவளுக்கு அழுதாலும் அழகு. நான் அந்த நேரம் ஐஸ் பெட்டிக்காரருக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன், பந்தலுக்கு எத்தனை நாற்காலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன், காபிக்குப் பால் போதாது என்று ஆள் அனுப்பினேன். அத்தை ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள்: "சின்னவ எப்படித் துடிக்கிறா பாரு. பெரியவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே, கல்லு மனசு." அன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு வீட்டைக் கழுவிவிட்டது யார் என்று அத்தை கேட்கவில்லை. நான் தரையைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். பார்க்க ஆள் இல்லை, வீடியோவும் இல்லை.

நாவலை விட்டு எங்கேயோ போய்விட்டேன் என்று சொல்வீர்கள். போகவில்லை. அயோலா அழுதால் போலீஸ்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் நம்புவார்கள். கொரெடே உண்மையைச் சொன்னால், பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பேசினீர்கள். அயோலா சைக்கோவா, பாதிக்கப்பட்டவளா என்று பட்டிமன்றம். கொரெடேவைப் பற்றி யாராவது ஐந்து நிமிஷம் பேசினீர்களா? அழகி பக்கமே எல்லாத் தலையும் திரும்பியிருந்தது. அந்த நர்ஸுக்கு நாவலுக்குள்ளே நடந்தது அரங்கத்திலும் நடந்தது. ஒரே ஒருவர் அவளைப் பற்றிப் பேசினார், அதுவும் அரை மணி நேர வேலைதானே என்று.

அதற்குத்தான் சிரித்தேன். இன்னொரு தடவை சொல்கிறேன், அதற்குத்தான்.

அந்த அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல வாசகர், எனக்கே இரண்டு புத்தகம் கொடுத்திருக்கிறார், இன்னும் திருப்பித் தரவில்லை நான். வீடியோவை வெட்டியவர் மேல்தான் கோபம். அவர் யார் என்றும் தெரியும், அவர் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்றும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன்.

நேற்று ராத்திரி தங்கை போன் பண்ணினாள். வீடியோ அவளுக்கும் போயிருக்கிறது.

"என்னக்கா, ஃபேமஸ் ஆயிட்டே?" என்றாள். "அந்தப் புக்குல ஒரு அக்கா தங்கச்சி வருதாமே. அதுல நான் யாரு?"

"படிச்சுப் பாரு" என்றேன்.

"எங்கக்கா நேரம்? அடுத்த வாரம் எனக்கு ஆபீஸ் டூர் இருக்கு. பசங்களை அஞ்சு நாள் உங்கிட்ட விட்டுட்டுப் போகட்டா?"

சரி என்றேன். காலையில் எழுந்ததும் மெத்தை விரிப்பு இரண்டையும் துவைத்து மாடியில் காயப்போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.