ரேம் ஒட்டியிருக்குன்னு திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

மேசைக்கு அடியில என் பழைய கம்ப்யூட்டர் டவர் ஒன்னு நிக்குது. தினமும் காலை இடிச்சுக்கறேன். அதை தூக்கிட்டு சின்னதா ஒரு டெஸ்க்டாப் வாங்கலாம்னு மூணு மாசமா யோசிச்சிட்டிருக்கேன். யோசிக்கறேன்னா என்ன, ராத்திரி ஸ்பெக் ஷீட் படிக்கறது, ரெண்டு ரிவியூ பாக்கறது, வாங்காம மூடிட்டு தூங்கப் போயிடறது. அவ்ளோதான்.

இதுல என்னை ரொம்ப சுத்தல்ல விட்டது ஃபிரேம்வொர்க் டெஸ்க்டாப். தெரியாதவங்களுக்கு: இந்த ஃபிரேம்வொர்க்ங்கறது 2021ல ஒரு லேப்டாப்போட வந்த கம்பெனி. ஒரே ஸ்க்ரூடிரைவர் போதும், பேட்டரி, ஸ்கிரீன், கீபோர்டு, போர்டு எல்லாத்தையும் நீங்களே கழட்டி மாத்திக்கலாம்னு சொல்லியே பேர் வாங்குனவங்க. அப்படிப்பட்டவங்க 2025 பிப்ரவரில நாலரை லிட்டர் சைஸுக்கு ஒரு குட்டி டெஸ்க்டாப்பை அறிவிச்சாங்க, பாத்தா ரேம் (வேலை நடக்கும்போது டேட்டாவை வெச்சிக்கற மெமரி) மதர்போர்டுலயே சாலிடர் பண்ணி ஒட்டியிருக்கு! 32, 64, 128 ஜிபி, வாங்கற அன்னிக்கு எது எடுத்தீங்களோ கடைசி வரைக்கும் அதான். வேலியே பயிரை மேஞ்ச கதைன்னு நானும் அன்னிக்கு நாலு பேர்கிட்ட திட்டித் தீத்தேன்.

அப்புறம்தான் காரணத்தை உக்காந்து படிச்சேன். உள்ள இருக்கறது ஏஎம்டியோட ரைசன் ஏஐ மேக்ஸ் சிப். சிபியுவும், கிராஃபிக்ஸ் வேலை பாக்கற பெரிய ஜிபியுவும் ஒரே சிப்ல இருந்துகிட்டு ஒரே ரேமை பங்கு போட்டுக்குது. தனி கிராஃபிக்ஸ் கார்டுன்னா அதுக்குன்னு சொந்தமா வேகமான மெமரி இருக்கும், இதுல அது கிடையாது, அதனால மெயின் ரேமே வேகமா இருந்தாகணும். சாதாரணமா நாம சொருகற டிடிஆர்5 ரேம் ஸ்டிக், 5600 வேகத்துல ரெண்டு போட்டா 128 பிட் அகலம் (அதாவது ஒரே நேரத்துல டேட்டா போற லைன் அத்தனை), கணக்கு போட்டா செகண்டுக்கு 89.6 ஜிபி. இதுல 256 பிட் அகலம், 8000 வேகம், செகண்டுக்கு 256 ஜிபி. கிட்டத்தட்ட மூணு மடங்கு. அந்த வேகத்துல அவ்ளோ லைனையும் ஒரு சாக்கெட் வழியா கொண்டுபோனா சிக்னல் சுத்தமா போய்ச் சேராது. ஏஎம்டியோட சேந்து மாசக்கணக்குல முயற்சி பண்ணோம், கழட்டற மாதிரி ரேமை வெச்சா இந்த வேகம் வரலன்னு ஃபிரேம்வொர்க்காரங்களே வெளிப்படையா சொல்லிட்டாங்க. ஆக, காசு மிச்சம் பிடிக்க ஒட்டுனதுன்னு சொல்லிட முடியாது. சரி, கோவம் பாதி இறங்கிடுச்சு.

மீதி பாதி எப்படி இறங்குச்சுன்னா, என் பழைய டவரோட பக்கவாட்டு மூடியை இத்தனை வருஷத்துல எதுக்கெல்லாம் திறந்தேன்னு ஒரு நாள் உக்காந்து ஞாபகப்படுத்திப் பாத்தேன். பவர் சப்ளை ரெண்டு தடவை போச்சு (ரெண்டாவது தடவை புகையோட, நல்லவேளை பக்கத்துலயே இருந்தேன்). ஃபேன் கரகரன்னு கத்துனதுக்கு ஒரு தடவை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டது ஒரு தடவை. தூசி தட்ட கணக்கே இல்ல. ரேம்? ஒரே ஒரு தடவை, 8 ஜிபியை 16 ஆக்குனேன், அதுவும் வாங்கி முதல் வருஷத்துலயே, அதாவது வாங்கும்போதே சரியா வாங்கியிருக்கணும். நாம வாய் கிழிய பேசற ரேம் ஸ்லாட்டை நான் தொட்டது ஒரு தடவை, யாருமே பேசாத பவர் சப்ளையை மாத்துனது ரெண்டு தடவை!

அந்தக் கணக்குல பாத்தா இந்த பெட்டி அவ்ளோ மோசமில்ல. போர்டு ஸ்டாண்டர்ட் மினி ஐடிஎக்ஸ் சைஸ், நாளைக்கு வேற போர்டு வாங்கி அதே கேஸ்ல உக்கார வெச்சிடலாம். பவர் சப்ளை ஃபிளெக்ஸ் ஏடிஎக்ஸ், 400 வாட், வெளியில கிடைக்கற சைஸ். ஃபேன் 120 மில்லிமீட்டர். எஸ்எஸ்டிக்கு ரெண்டு எம்.2 ஸ்லாட். சாகற சாமான் எல்லாம் மாத்தக்கூடியதா இருக்கு, அபூர்வமா சாகறதுதான் ஒட்டியிருக்கு. ஆனா ஒன்னு, அந்த அபூர்வம் உங்களுக்கு நடந்துட்டா ரேம் மட்டும் போகாது, சிப்பு போர்டு எல்லாம் சேந்து மொத்தமா போகும். அதை மறைக்க முடியாது.

ஆப்பிளோட மேக் மினியையும் பாத்தேன், 2024ல எம்4 சிப்போட வந்தது. அஞ்சு இன்ச்சுக்கு அஞ்சு இன்ச், ரெண்டு இன்ச் உயரம், பவர் சப்ளையும் உள்ளயே, அழகுல அடிச்சுக்க ஆளில்ல. பவர் பட்டனை அடியில கொண்டுபோய் வெச்சதைத்தான் எந்த மகராசன் முடிவு பண்ணான்னு தெரியல. ரேம் இதுலயும் மாத்த முடியாது, எஸ்எஸ்டி கழலும் ஆனா சாதாரண எம்.2 அதுல உக்காராது, பவர் சப்ளை அந்த பெட்டிக்குன்னே செஞ்சது. என் மாதிரி பவர் சப்ளை ராசி உள்ளவனுக்கு இது ஆகாது.

சரி அப்ப ஃபிரேம்வொர்க் வாங்கிடலாமான்னா, இங்கதான் நான் நின்னுட்டேன். செகண்டுக்கு 256 ஜிபிங்கற அந்த வேகம் யாருக்கு வேணும்? வீட்டுலயே ஏஐ மாடல் ஓட்டறவங்களுக்கு. மாடல் ஒவ்வொரு வார்த்தைத் துண்டை துப்பும்போதும் தனக்குள்ள இருக்கற மொத்த எண்களையும் ரேம்லேருந்து ஒரு தடவை படிச்சாகணும், ஒரு வார்த்தை சொல்ல முழு புஸ்தகத்தையும் புரட்டிட்டு வர்ற மாதிரி. 40 ஜிபி மாடல்னா சாதா ரேம்ல செகண்டுக்கு ரெண்டு துண்டு தாண்டறது கஷ்டம், இதுல ஆறு வரைக்கும் போகலாம். ஆறுங்கறதும் பறக்கற வேகம் இல்லதான், ஆனா பெருசா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தன்னோட ஒரு சின்ன பகுதியை மட்டும் தொடற மாடல்கள் இப்ப வந்துடுச்சு, அதுக்கு 128 ஜிபி பெட்டி கச்சிதமா பொருந்துது. கேம் ஆடறவங்களுக்கும் அந்த ஜிபியு லாபம். இந்த ரெண்டு வேலைக்கும் ஒட்டுன ரேம் நியாயமான பேரம்னு இப்ப நான் சண்டை போட்டே சொல்வேன்.

நான் பண்றது என்ன? நாப்பது டேப் திறந்து வெச்சிக்கறது, போட்டோ எடிட்டிங், எப்பவாவது ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டறது). எனக்கு ரேம் நிறைய வேணும், வேகமா வேண்டியதில்ல. எனக்கு உதவாத வேகத்துக்காக மாத்தற வசதியை ஏன் விட்டுக்கொடுக்கணும்? விரலுக்கேத்த வீக்கம்னு மனசை தேத்திக்கிட்டு ஒரு லிட்டர் சைஸ் மினி பிசி பக்கம் வந்துட்டேன், ரெண்டு ரேம் ஸ்லாட், ரெண்டு எம்.2, 32 ஜிபியில ஆரம்பிச்சு பின்னால பாத்துக்கலாம்.

அதுலயும் குறை இருக்கு. உள்ள லேப்டாப் மாதிரி குட்டி ஃபேன், லோடு ஏறுனா கொசு மாதிரி ரீங்காரம் போடும், பெரிய ஃபேன் மெதுவா சுத்தற அமைதி இதுக்கு வராது. இன்னொன்னு, பெட்டி சின்னதுன்னு போட்டோ போட்டு காட்டுவாங்க, செங்கல் சைஸ் அடாப்டரை போட்டோவுல காட்ட மாட்டாங்க. ஆனா அது போனா பெட்டியை திறக்காமயே வேற மாத்திக்கலாம், எனக்கு அதுவே பெரிய நிம்மதி. இப்ப மிச்சம் இருக்கற ஒரே பிரச்சனை அந்த செங்கலை எங்க வெக்கறதுங்கறதுதான். மேசைக்கு அடியிலதான் இடம் இருக்கு. மறுபடியும் காலை இடிச்சுக்கணும் போல.