பி.ஆர். எடுத்தால்தான் பாசமா?

மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: "உங்களை எப்போ எடுக்கப் போறான்?" கல்யாண வீடு, கருமாதி வீடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. "இன்னும் எடுக்கலையா?" என்று இழுத்துக் கேட்பவர்களும் உண்டு. அந்த இழுப்பில் மகனுக்கு ஒரு குட்டு, மருமகளுக்கு இரண்டு குட்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் இருவரும் நல்லபடியாக நடமாடிக்கொண்டு, இங்கே மலேசியாவில் ஒரு பிள்ளையாவது பக்கத்தில் இருந்தால், அவர்களுக்கு அங்கே பி.ஆர். (நிரந்தரவாசத் தகுதி) மனு போடுவது பெரும்பாலும் பிள்ளையின் மனத்திருப்திக்கும் சொந்தக்காரர்களின் வாயை அடைக்கவும்தான். பெரியவர்களுக்கு அதில் கிடைப்பது கொஞ்சம். போட்டே ஆக வேண்டுமென்றால் அவர்களையும் இங்கே இருக்கிற பிள்ளையையும் உட்காரவைத்துக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அந்த "இங்கே இருக்கிற பிள்ளை" நான்தான். அண்ணன் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், நான் கோலாலம்பூர்ச் செந்தூலில். அப்பா அம்மா வீடு என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்வதென்றால் முதலில் தலை எண்ணுவார்கள். பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு எந்த ஒரு நாட்டில் இருப்பவர்களையும்விட அங்கே இருப்பவர்கள் அதிகமாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், சரிபாதி, தேறிவிடுவோம். என் பெரியம்மாவுக்கு ஐந்து பிள்ளைகள். மெல்பர்னில் ஒருத்தன், மற்ற நால்வரும் கிள்ளானிலும் சிரம்பானிலும். இந்தக் கணக்கை முதல் நாளே போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒரு ஏஜெண்டு "பார்த்துக்கலாம் ஆண்ட்டி, மூணு வருஷத்துல முடிச்சிடலாம்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். அப்புறம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். பிள்ளை நிறைய பெற்றது ஒரு காலத்தில் பெருமை. அங்கே அதுவே தகுதிக் குறைவு.

தேறினாலும் வரிசை இருக்கிறது. கட்டணம் குறைந்த விசாவுக்கு இன்று மனு போட்டால் காத்திருப்பு 30 ஆண்டுகளுக்கு மேல். எழுபது வயதுக்காரரிடம் இதைச் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காசு கொட்டிப் போகிற விசாவுக்கு ஆளுக்கு 48,000 ஆஸ்திரேலிய டாலர் அளவில் ஆகும். இருவருக்கும் சேர்த்து நம் காசுக்கு இரண்டரை லட்சம் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிவிடும். அதற்கும் புதிதாக மனு போடுகிறவர்கள் காத்திருக்க வேண்டியது 14 ஆண்டுகளுக்கு மேல். ஆண்டுக்குப் பெற்றோருக்கென்று ஒதுக்கும் இடங்கள் அண்மை ஆண்டுகளில் 8,500தான். வரிசையில் நிற்பவர்களோ லட்சத்துக்கும் மேல். இது போதாதென்று பத்து வருடத்துக்குப் பிணைத்தொகை வேறு கட்டிவைக்க வேண்டும்: முதல் ஆளுக்கு 10,000 டாலர், இரண்டாமவருக்கு 4,000. அந்தப் பத்து வருடத்தில் பெற்றோர் அரசாங்க உதவிப் பணம் வாங்கினால் பிணை நின்றவர்தான் பொறுப்பு.

இதில் யாரும் வாய் திறந்து சொல்லாத ஒன்று மருத்துவப் பரிசோதனை. காசு கொட்டிப் போகிற விசாவில் அது மனு போடும்போது கிடையாது, விசா கைக்கு வரப்போகிற நேரத்தில்தான். அறுபத்திரண்டு வயதில் திடகாத்திரமாக இருக்கும்போது மனு போடுவீர்கள், எழுபத்தாறில் சோதிப்பார்கள். நம் வீடுகளில் எழுபத்தாறு வயதில் சர்க்கரை இல்லாதவர் யார்? டயாலிசிஸ் வரை போனவர்கள் எத்தனை பேர்? மருத்துவச் செலவு வரம்பைத் தாண்டும் என்று மருத்துவர் எழுதிவிட்டால் பெற்றோர் விசாவில் அதற்கு விலக்கே இல்லை.

காகிதங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அண்ணன் ஒரு பட்டியல் அனுப்பினான், நான் அம்மா வீட்டு அலமாரியிலிருந்து பழைய மைலோ டின்னை இறக்கினேன். அப்பாவின் பிறப்புப் பத்திரம் மஞ்சளேறி, மடிப்பில் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. ஐ.சி.யில் (அடையாள அட்டையில்) இருப்பது இன்னொன்று. எங்கள் இருவரின் பத்திரங்களில் தகப்பன் பெயர் என்று இருப்பது மூன்றாவது விதம். இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று அப்பா சத்தியப் பிரமாணம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். "நான்தான் நான்னு சொல்றதுக்கு நானே காசு கட்டணுமா?" என்று கேட்டார்.

கல்யாணப் பத்திரம் அதைவிடப் பெரிய கதை. அவர்கள் கல்யாணம் 1978இல், தோட்டத்து மாரியம்மன் கோயிலில். திருமணச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1ஆம் தேதி. அதற்கு முன் நம் வழக்கப்படி நடந்த கல்யாணங்கள் பதிவு இல்லாமலே செல்லும். செல்லும், ஆனால் காட்டுவதற்குக் காகிதம் இருக்காது. பதிவிலாகாவுக்குப் போய் இப்போதும் பதிந்துகொள்ளலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகு அம்மாவுக்கு அதில் ஏக வெட்கம்.

என் ஐ.சி. பிரதி, என் பிறப்புப் பத்திரம், நான் எங்கே குடியிருக்கிறேன் என்பதற்கு அத்தாட்சி, இவையும் பட்டியலில் இருந்தன. தலைக்கணக்குக்காக நானும் வேண்டும். அப்பா அம்மா போனால் என் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் யார் பார்ப்பது, அவர்களின் வீட்டை என்ன செய்வது என்ற கேள்விகள் மட்டும் பட்டியலில் இல்லை. அண்ணன்மேல் கோபமில்லை. தூரத்தில் இருப்பவனுக்குத் தான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற அரிப்பு இருக்கும், அது எனக்குப் புரிகிறது.

(தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் இன்றுவரை சிவப்பு ஐ.சி.யோடு காலம் தள்ளுகிற கிழவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறந்த மண்ணிலேயே நிரந்தரவாசிகள். அவர்கள் காதில் விழும்படி பி.ஆர். பெருமை பேசாதீர்கள்.)

அங்கே இருப்பது எப்படி இருக்கும் என்பதும் தெரியாத விஷயமில்லை, போய் இருந்துவிட்டு வந்தவர்கள்தானே. காலை ஏழு மணிக்கு அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கு. அம்மா பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நம்பாமல் எல்லாவற்றையும் கையால் ஒரு முறை கழுவி, பிறகு அதற்குள் அடுக்கி வைப்பார். அப்பா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்ப்பார். ஒரு காடி போகும். அரை மணி கழித்து இன்னொரு காடி. செந்தூலில் அவருக்குக் காலையில் மாமாக் கடை, மேசைக்கு நாலு கூட்டாளி, ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு நாட்டு அரசியல் முழுவதையும் தீர்த்து வைப்பார்கள்.

வீடியோ காலில் அண்ணனை வைத்துக்கொண்டு அப்பாவிடம் நேராகவே கேட்டேன், போக விருப்பமா என்று. அவர் யோசிக்கக்கூட இல்லை. "போகலாம் வரலாம். ஆனா அங்கே எனக்கு ஒன்னு ஆச்சுன்னா தூக்கிப்போட நாலு பேர் வருவானா?" அண்ணன் அதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

இன்னொன்று. பி.ஆர். வாங்கினால் மலேசியக் குடியுரிமை போகாது, அங்கே குடியுரிமை எடுத்தால்தான் போகும். ஆனால் பி.ஆர். வைத்துக்கொண்டு இங்கே மாசக்கணக்கில் தங்கினால், ஐந்து வருடம் கழித்து வெளியே போய்த் திரும்புவதற்கான அனுமதியில் சிக்கல் வரும். அந்த ஐந்தில் இரண்டு வருடமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். அங்கே பாதி இங்கே பாதி என்று கனவு காண்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நமக்கு இருக்கிற வசதியை நாமே பார்ப்பதில்லை. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியாவின் இ.டி.ஏ. என்ற பயண அனுமதி கைப்பேசியிலேயே கிடைக்கிறது, 20 டாலர், ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். பெர்த் ஐந்தரை மணி நேரப் பயணம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். நீண்ட நாள் இருக்க வேண்டுமென்றால் 2019இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசா இருக்கிறது: மூன்று அல்லது ஐந்து வருடம், மொத்தத்தில் பத்து வருடம் வரை. அதற்குத் தலை எண்ணுவதும் இல்லை. இவற்றில் ஒரு குறை, மருத்துவம். அங்கே அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்காது, எழுபது தாண்டியவர்களுக்குக் காப்புறுதி எடுத்தால் கை கடிக்கும். அதனால் மாத்திரை மருந்து, பரிசோதனை எல்லாம் இங்கேயே. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கச் செலவு மிகக் குறைவு.

கனடாவில் பெற்றோருக்குக் குலுக்கல் நடத்திவந்தார்கள், அதில் விழுந்தாலும் பல வருடப் பொறுப்பு. பிரிட்டன் 2012இலேயே கதவைச் சாத்திவிட்டது மாதிரிதான். சிங்கப்பூரில் பிள்ளை குடிமகனாக இருந்தால்தான் பெற்றோருக்கு பி.ஆர். கேட்க முடியும். எந்த நாடும் வயதானவர்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

போடவே கூடாதா என்றால், இல்லை. ஒரே பிள்ளை, அதுவும் அங்கே, இங்கே தாய் தனியாக என்றால் இன்றைக்கே போடுங்கள். வரிசையில் தேதிதான் கணக்கு, ஒரு வருடம் தள்ளிப்போட்டால் ஒரு வருடம் பின்னால். அந்தத் தாயும் சம்மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் இப்போதைக்கு மனு போடவில்லை. டிக்கெட்டும் பயணக் காப்புறுதியும் அண்ணன் கணக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என் கணக்கு. அப்பா அம்மா இருவரில் ஒருவர் தனியானால் அப்போது மறுபடி கேட்போம், அதையும் அவர்கள் முன்னால்தான் பேசி வைத்திருக்கிறோம். கல்யாணப் பதிவை மட்டும் முடித்துவிடலாம் என்று இருக்கிறேன், அம்மாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். கீழே கருத்துப் போடுபவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஏஜெண்டுகள் மட்டும் இன்பாக்ஸ் பக்கம் வரவேண்டாம்.