டேக்ஸ் ஹாலிடேயும் பத்து டாலர் டெலிவரியும்

ஆகஸ்ட் பிறந்தால் டெக்சாஸ் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே செய்திதான் சுற்றும்: "இந்த வெள்ளி, சனி, ஞாயிறு டேக்ஸ் கிடையாது. துணிமணி, பிள்ளைகளுக்கு ஸ்கூல் பேக் எல்லாம் இப்பவே வாங்கிடுங்க." யாராவது ஒருவர், "ஆன்லைனில் வாங்கினாலும் உண்டா?" என்று கேட்பார். உடனே நாலு பேர் "உண்டு" என்பார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் கடைக்குப் போய் வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஆன்லைனில் வாங்குகிறவருக்கு அப்படியே கிடைக்காது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு சின்ன ஆன்லைன் துணிக்கடைக்கு பில்லிங் பார்ப்பது என் வேலை என்பதால், வயிற்றெரிச்சல் கொஞ்சம் கலந்திருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். அங்கே எம்.ஆர்.பி. என்றால் வரியும் அதற்குள் அடக்கம். இங்கே விலைச்சீட்டில் இருப்பது பொருளின் விலை மட்டும். வரி பில் போடும்போதுதான் ஏறும். விற்பனை வரி மத்திய அரசுடையது அல்ல, மாநிலங்களுடையது. ஒரேகான், மொன்டானா மாதிரி சில மாநிலங்களில் அது கிடையவே கிடையாது. டெக்சாஸில் மாநிலத்துக்கு 6.25 சதவீதம், அதற்கு மேல் ஊருக்கு ஊர் 2 சதவீதம் வரை. பெரிய ஊர்களில் கூட்டினால் 8.25 வந்துவிடும். பள்ளி திறக்கும் முன் அந்த மூன்று நாள் மட்டும் 100 டாலருக்குக் குறைவான துணி, செருப்பு, ஷூ, ஸ்கூல் பேக், பள்ளிச் சாமான்களுக்கு வரி இல்லை. இதைத்தான் டேக்ஸ் ஹாலிடே, அதாவது வரி விடுமுறை என்கிறார்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு ஜீன்ஸ் 95 டாலர். கடையில் போய் எடுத்தால் 95 கொடுத்துவிட்டு வரலாம். அதே ஜீன்ஸை அதே விலைக்கு ஆன்லைனில் வாங்குகிறீர்கள், டெலிவரி 10 டாலர். டெக்சாஸ் சட்டப்படி டெலிவரி கட்டணமும் விற்பனை விலையில் சேர்த்தி. ஆக விலை 105. நூறைத் தாண்டிவிட்டதால் விலக்கு போச்சு. வரியும் தாண்டிய ஐந்து டாலருக்கு மட்டும் இல்லை, முழு 105-க்கும். 8.25 சதவீதத்தில் 8 டாலர் 66 சென்ட். டெலிவரிக்குக் கொடுத்த பத்துக்கும் சேர்த்து வரி கட்டியாகிவிட்டது! நான் ஏதோ தேடிப் பிடித்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், மாநில வரி வசூலைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்ட்ரோலர் அலுவலகமே தன் விளக்கக் குறிப்பில் இந்த 95 டாலர் ஜீன்ஸைத்தான் உதாரணமாகப் போட்டிருக்கிறது.

இதற்குள் ஒரு சந்து இருக்கிறது. பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்கும் கடையில், அதை முழுக்க ஒரு பொருளின் தலையில் கட்டலாம். 250 டாலர் கோட்டும் 95 டாலர் சட்டையும் ஒரே பெட்டியில் போனால் டெலிவரி முழுவதையும் கோட்டோடு சேர்த்துவிடலாம், சட்டை தப்பிக்கும். 250 டாலருக்குக் கோட்டு வாங்குகிறவருக்குத்தான் இந்த வசதி. ஜீன்ஸ் ஒன்றை மட்டும் வாங்குகிறவருக்குக் கிடையாது. பெரிய கடைகள் "ஃப்ரீ ஷிப்பிங்" போட்டு, செலவை விலையிலேயே சேர்த்து 99 என்று வைத்தால் சிக்கலே இல்லை. டெலிவரிக்குத் தனியாகப் பணம் வாங்காமல் தாக்குப்பிடிக்க முடியாத சின்ன கடைக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இந்தத் தலைவலி ஆன்லைன்காரர்களுக்கு வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த க்வில் தீர்ப்பின்படி, தன் எல்லைக்குள் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரியை வரி வசூலித்துக் கொடுக்கச் சொல்ல ஒரு மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை. 2018 ஜூனில் சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அதை மாற்றியது. சவுத் டகோட்டா அன்று வைத்திருந்த வரம்பு வருடத்துக்கு 1 லட்சம் டாலர் விற்பனை, அல்லது 200 பில். டெக்சாஸில் 5 லட்சம் டாலர். அந்தந்த வரம்பைத் தாண்டினால் நீங்கள் எங்கே உட்கார்ந்து விற்றாலும் பொருள் போய்ச் சேரும் மாநிலத்தின் வரியை வசூலிக்க வேண்டும். வரி வந்தால் அதன் விடுமுறையும் கூடவே வரும். அமேசான், எட்ஸி மாதிரி சந்தைத் தளங்களில் விற்றால் அவர்களே வசூலித்துவிடுவார்கள். சொந்த இணையதளம் வைத்திருப்பவர் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? டெக்சாஸில் 100 டாலருக்குக் குறைவு, டென்னசியில் 100 டாலர் வரை. சரியாக 100 டாலருக்கு ஒரு ஷூ இருந்தால் நாஷ்வில்லுக்கு அனுப்பும்போது வரி இல்லை, டாலஸுக்கு உண்டு. டென்னசியில் 1,500 டாலர் வரை கம்ப்யூட்டருக்கும் விலக்கு, டெக்சாஸில் இல்லை. டெக்சாஸில் பேஸ்பால் தொப்பி துணிக் கணக்கு, ஃபுட்பால் ஹெல்மெட் விளையாட்டுச் சாமான் கணக்கு. ஸ்கூல் பேக்குக்கு விலக்கு உண்டு, கம்ப்யூட்டர் பேக்குக்குக் கிடையாது. கடையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் எந்த மாநிலத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். வரி மென்பொருள் இதைச் செய்யும் என்பார்கள். செய்யும், நாம் பொருளுக்குச் சரியான குறியீடு கொடுத்திருந்தால்.

அப்புறம் நேரம். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்து ஒரு பொது விற்பனை வரி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. அதன்படி விற்பவரும் வாங்குபவரும் வேறு வேறு நேர மண்டலத்தில் இருந்தால் விற்பவரின் கடிகாரம்தான் கணக்கு. கலிஃபோர்னியாவிலிருந்து ஒஹாயோவுக்கு விற்றால், ஒஹாயோவில் விடுமுறை பிறந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் கலிஃபோர்னியாக்காரருக்குப் பிறக்கும். மாசசூசெட்ஸ் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே ஆன்லைன் ஆர்டருக்கும் கிழக்கு நேரம்தான்.

கூப்பனும் இதே கதைதான். கடையே தள்ளுபடி கொடுத்து 120 டாலர் ஷூ 96-க்கு வந்தால் அந்த ஒப்பந்தப்படி விலை 96. அதே தள்ளுபடிப் பணத்தைத் தயாரிப்பாளர் கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறார் என்றால் விலை 120-தான். வாங்குகிறவர் இரண்டிலும் கையிலிருந்து கொடுப்பது 96.

ஒரு நல்ல விதியையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்குள் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, உடனே அனுப்பச் சொல்லியிருந்தால், ஸ்டாக் இல்லாமல் பொருள் மூன்று வாரம் கழித்து வந்தாலும் அந்த ஒப்பந்தப்படி விலக்கு உண்டு. டெக்சாஸில் தவறுதலாக வரி பிடித்துவிட்டால் விற்றவரிடமே திருப்பிக் கேட்கலாம். வெட்கப்படாமல் கேளுங்கள்.

சரி, என் கட்சி என்ன? இந்த விடுமுறையே வேண்டாம், நிரந்தர விலக்கு கொடுங்கள் என்பதுதான். துணிக்கு இந்த விடுமுறையை முதலில் கொண்டுவந்தது நியூயார்க், 1997 ஜனவரியில் ஒரு வாரம். காரணம், பக்கத்தில் இருக்கும் நியூஜெர்சியில் துணிக்கு எப்போதுமே வரி கிடையாது. நியூயார்க்காரர்கள் ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதே நியூயார்க் 2000-இல் 110 டாலருக்குக் குறைவான துணிக்கும் செருப்புக்கும் மாநில வரியை வருடம் முழுக்க எடுத்துவிட்டது. 2010 வாக்கில் நிதி நெருக்கடியில் கொஞ்ச காலம் நிறுத்தியும் குறைத்தும் பார்த்தார்கள், 2012-இல் பழையபடி வந்துவிட்டது. தொடங்கி வைத்த மாநிலமே வேறு வழிக்குப் போன பிறகு மற்றவர்கள் மூன்று நாள் திருவிழாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது மாசசூசெட்ஸ் துணிக்கு வைத்திருக்கும் விதி. 175 டாலர் வரை வரி இல்லை, தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டும். 180 டாலர் சட்டை என்றால் 5 டாலருக்கு வரி, அவ்வளவுதான். ஆனால் அதே மாநிலம் ஆகஸ்டில் விடும் விடுமுறையில் 2,500 டாலரைத் தாண்டிய பொருளுக்கு முழு விலைக்கும் வரி! வருடம் முழுக்கத் தெரிகிற நியாயம் அந்த இரண்டு நாளில் எங்கே போகிறதோ.

நிரந்தர விலக்குக்கு அரசின் வருமானம் அதிகம் போகும் என்பார்கள். போகும்தான். அப்படியானால் வரம்பை 100-லிருந்து 50-க்கு இறக்கட்டும். பள்ளிக்கூடச் சட்டை அதற்குள் வந்துவிடும், மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தாலும் வாங்கலாம். அதுவும் முடியாது, விடுமுறைதான் வேண்டும் என்றால், டெக்சாஸ் செய்ய வேண்டியது ஒன்றுதான். 100 டாலர் வரம்பைப் பார்க்கும்போது டெலிவரி கட்டணத்தைச் சேர்க்காமல் பொருளின் விலையை மட்டும் பார்க்கட்டும். அந்த 95 டாலர் ஜீன்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் ஒரே கணக்கில் வந்துவிடும்.